முடித்த நாவலை எங்கே கொடுப்பது? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு த்ரில்லர் கணக்கு

சென்ற தை மாதம், ஒசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஸ்பைரல் பைண்டிங் செய்த 240 பக்கக் கைப்பிரதியோடு கிருஷ்ணகிரிக்கு என்னைத் தேடி வந்தார். கைவிடப்பட்ட கிரானைட் குவாரியின் தண்ணீர்க் குழியை வற்ற வைக்கும்போது அடியில் கிடைக்கும் ஒரு டிப்பர் லாரியில் தொடங்குகிறது அவருடைய நாவல். எழுத மூன்று ஆண்டுகள் பிடித்ததாம். எங்கே கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் மேலும் ஆறு மாதங்கள் அதை வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். மாத நாவல், சென்னைப் பதிப்பகம், செயலியில் தொடர்கதை, கிண்டிலில் தாமே வெளியிடும் மின்னூல், ஒலித்தொடர் என்று ஐந்து வழிகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இதுல எதுலங்க சார் காசு வரும்?" என்று நேராகவே கேட்டார்.

பர்கூர் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு, பதினான்கு ஆண்டுகளாக இரவுகளில் மர்மக்கதை எழுதிவரும் எனக்கு, அந்த ஐந்தில் நான்கில் நடந்து பார்த்த அனுபவமும், ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. ஆகவே அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழி அதிகப் பணம் தரும் என்று ஒப்பிட்டால் விடை கிடைக்காது. ஏனெனில் தமிழில் ஒரு புதிய எழுத்தாளருக்கு முதல் விற்பனையில் எந்த வழியும் பெரிதாக எதையும் தந்துவிடுவதில்லை. த்ரில்லருக்கு வருமானம் என்று ஒன்று வருமானால், அது அதே கதை மறுபதிப்பாக, மின்னூலாக, ஒலிவடிவமாக, அபூர்வமாகத் திரைக்கதையாக மீண்டும் மீண்டும் பயன்படும்போதுதான் வரும். எங்கள் மாவட்டத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பூ விடும்போதே அந்தப் பருவத்துக் காய்ப்பை வியாபாரிக்குக் குத்தகை பேசுவது ஒன்று. நிலத்தையே கிரயம் எழுதிக் கொடுப்பது வேறொன்று. முதல் பணத்தை வாங்கிய பிறகு கதையில் என்ன மிச்சம் நம் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த ஐந்து வழிகளையும் நான் எடை போடுகிறேன்.

மாத நாவலில் தொடங்கலாம். 1980களிலும் 1990களிலும் தருமபுரிப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய அந்தச் சிறிய புத்தகங்களைப் படித்துத்தான் என் தலைமுறை மர்மக்கதை எழுதக் கற்றுக்கொண்டது. சேலத்தில் வண்டி ஏறினால் ஒசூர் சேர்வதற்குள் படித்து முடிக்கும் அளவு, குறித்த தேதிக்குள் எழுதி முடிக்கும் கட்டாயம், முதல் பக்கத்திலேயே பிணம் விழவேண்டிய அவசரம் ஆகியவை ஒரு எழுத்தாளருக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் இன்று அந்த வாசல் மிகவும் குறுகிவிட்டது. மிச்சமிருக்கும் வெளியீடுகளில் பலவும் பெயர் பெற்ற எழுத்தாளர்களின் பழைய நாவல்களையே மறுபடி அச்சிடுகின்றன. புதியவருக்கு இடம் கிடைத்தாலும் ஒரே தவணையாக ஒரு சிறு தொகை வரும், அடுத்த மாதம் புத்தகம் கடையிலிருந்து மறைந்துவிடும். பழைய நாவல்கள் திரும்பத் திரும்ப அச்சாவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் புதிய எழுத்தாளர்கள், முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கதை இன்னமும் யாரோ ஒருவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அந்த யாரோ ஒருவர் எழுத்தாளரா, இல்லையா என்பதுதான் கேள்வி.

சென்னைப் பதிப்பகம் என்பது மரியாதையான வழி. அச்சுப் புத்தகம் கையில் இருந்தால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் புத்தகத் திருவிழாக்களிலும் அடுக்கி வைக்கலாம். நூலகத் துறை வாங்கினால் மாவட்டம் முழுவதும் கிளை நூலகங்களுக்குப் போய்ச்சேரும். வரும்படியைக் கணக்காகப் பார்த்தால், 250 ரூபாய் விலையுள்ள புத்தகத்துக்குப் பொதுவான வழக்கப்படி 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய், 300 பிரதிகள் விற்றால் 7,500 ரூபாய். பதிப்பாளரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடைக்காரருக்கு முப்பது நாற்பது சதவீதக் கழிவும், தாளும் அச்சுக்கூலியும், திரும்பி வரும் பிரதிகளும் போக அவர் கையில் நிற்பதும் கொஞ்சம்தான். ஆனால் இலக்கியப் பதிப்பகங்கள் பலவற்றில் துப்பறியும் கதைக்கு இன்னும் திண்ணையில்தான் இடம். அதே நேரத்தில், நல்ல பதிப்பாளர் ஒருவர் அமைந்தால் மெய்ப்புத் திருத்தமும் அட்டைப்படமும் செம்மையாக்கமும் நம் செலவில்லாமல் நடக்கும், வேறு எந்த வழியிலும் கிடைக்காத உதவி அது. "நீங்கள் முப்பதாயிரம் கொடுங்கள், நாங்கள் புத்தகம் போட்டுத் தருகிறோம்" என்பவர்களைப் பற்றி எழுத ஒரு வரி போதும்: அவர் அச்சகக்காரர், பதிப்பாளர் அல்லர், அச்சகத்துக்கு நேரடியாகப் போனால் செலவு குறையும்.

செயலித் தொடரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம் என்ற கதவைத் திறந்துவிட்டது; சந்தா செலுத்தும் வாசகர்கள் வழியாகக் கொஞ்சம் வருமானமும் வருகிறது. எந்த இடத்தில் வாசகர் படிப்பதை நிறுத்திவிட்டார் என்பது எண்ணிக்கையாகவே கண்முன் தெரிவது, கதையைத் தொய்வில்லாமல் நகர்த்தக் கற்றுக்கொடுக்கும் மிகக் கடுமையான வாத்தியார் என்பேன். கதையின் உரிமையும் பொதுவாக எழுதியவரிடமே இருக்கும், தனி ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதவரை.

ஆனால் மர்மக்கதைக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. குடும்பக் கதையும் காதல் கதையும் முன்னோக்கி வளர்கின்றன. துப்பறியும் கதையைப் பின்னோக்கித்தான் கட்ட முடியும். முடிவு தெரிந்த பிறகே மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய் அங்கே ஒரு தடயத்தை யாரும் கவனிக்காத இடத்தில் வைக்கவேண்டியிருக்கும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். என் நாவல் ஒன்றில் பெங்களூரு அடுக்ககத்தில் அடையாளம் தெரியாத ஒருவரின் உடல் கிடைக்கிறது. விலையுயர்ந்த சட்டை, வடநாட்டு முகவரி அட்டை. அவருடைய முன்பற்களில் மட்டும் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் அந்தக் கறை படியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில்தான் அந்தக் கறை ஏறும் என்பதால், வளர்ந்த பிறகு பிழைக்க வந்தவருக்கு அது வராது. ஆகவே வடநாட்டுக்காரர் என்று எல்லோரும் நம்பும் அந்த மனிதர் பென்னாகரத்துப் பக்கம் பால்யத்தைக் கழித்தவர் என்பதை ஒரு பல் மருத்துவர் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

இந்தத் தடயம் எனக்குத் தோன்றியபோது முப்பத்தோராவது அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்துப் பிணத்தை வாசகர்கள் நான்கு மாதங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அந்தப் பிணம் வாயை மூடிக்கொண்டிருந்தது. செயலியில் பழைய அத்தியாயத்தைத் திருத்த முடியும் என்றாலும், படித்துவிட்டவரின் நினைவைத் திருத்த முடியாது. அதே தொடரில் இன்னொரு தவறும் செய்தேன்: கொலையாளி யார் என்று வாசகி ஒருவர் சரியாகக் கண்டுபிடித்துக் கருத்தில் எழுதிவிட, வீம்புக்காகக் கொலையாளியையே மாற்றினேன். அதன்பின் கதையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. போதாததற்கு மாங்காய்ப் பருவம் வந்தது. மே முதல் ஜூலை வரை எங்கள் ஆலையில் பெங்களூரா ரகக் காய் லாரி லாரியாக இறங்கும். எடைமேடைச் சீட்டுகளைச் சரிபார்த்து முடிக்கவே விடிந்துவிடும். வாரம் இரண்டு அத்தியாயம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏழு வாரங்கள் ஒன்றும் போடாமல் இருந்ததில், ஒரு வருடமாகச் சேர்ந்த வாசகர்களில் பாதிப்பேர் கலைந்துவிட்டார்கள். ஆகவே என் முடிவு இது: செயலியில் தொடர் எழுதலாம், ஆனால் முழு நாவலையும் எழுதி, திருத்தி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தைப் போடவேண்டும்.

கிண்டில் வழி இதற்கு நேர்மாறானது. முழுமையான நூலை மட்டுமே அது கேட்கிறது. தமிழில் மின்னூலை நாமே ஏற்றும் வசதியை அமேசான் 2016ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்தது. ராயல்டி விகிதங்கள் 35, 70 என இரண்டு. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் செலக்ட் என்ற திட்டத்தில் சேரவேண்டும், சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், செயலியில்கூட, வைக்கக்கூடாது. திட்டத்தில் சேர்ந்த நூலை மாதச் சந்தா கட்டியவர்கள் இலவசமாகப் படிக்கலாம், படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வரும்; தமிழ் மின்னூலில் எனக்கு வரும் தொகையில் பெரும்பகுதி இந்தப் பக்கக் கணக்கிலிருந்துதான் வருகிறது. கடைசிப் பக்கம்வரை விடாமல் படிக்க வைப்பதுதான் த்ரில்லரின் தொழிலே என்பதால் இந்த முறை நமக்குச் சாதகமானது. அச்சுப் புத்தகத்துக்கு இந்த 90 நாள் கட்டுப்பாடு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த 90 நாள் தவணை முடிந்த பிறகு விரும்பியபோது நூலை இறக்கிவிட்டு வேறிடம் கொண்டுபோகலாம். நிலம் நம் பெயரிலேயே இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறிக் கிடப்பதை வரிவரியாகத் திருத்தவேண்டும். வெளியான சில நாட்களில் நூல் பிடிஎஃப் ஆக டெலிகிராமில் சுற்றத் தொடங்குவதையும் சகித்துக்கொள்ளவேண்டும். பெரிய குறை, தவறைத் தடுக்க யாரும் இல்லை என்பதுதான். 2025இல் நடப்பதாக நான் எழுதிய கதையில் ஆய்வாளர் கொலை வழக்கை 302ஆவது பிரிவில் பதிவு செய்தார். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன், ஏட்டய்யா இரண்டாம் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, 302 இப்போ இல்லீங்க, 103. சந்தேக மரணத்துக்கு 174ம் இல்ல, 194" என்றார். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதைச் செய்தியாகப் படித்திருந்தும், நாற்பது ஆண்டுக்காலத் திரைப்பட வழக்கம் என் விரலில் ஒட்டியிருந்தது. பதிப்பாளர் இல்லாத வழியில் போகிறவர், இப்படி ஓர் ஏட்டய்யாவையும், முடிந்தால் ஒரு மருத்துவரையும், பிழை பார்க்கத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவரையும் தாமே தேடிக்கொள்ளவேண்டும்.

ஒலித்தொடர்தான் நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம். ஐந்து வழிகளிலும் முதல் தொகை அதிகமாகத் தெரிந்ததும் அதுதான். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு நாவலைக் கொடுத்தேன். பதினொரு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் எட்டாம் பக்கத்தில், "எல்லா வடிவங்களிலும், இனி வரப்போகும் ஊடகங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக" என்று இருந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அந்த நாவலை இன்று நான் அச்சுப் புத்தகமாகப் போட முடியாது. கதாநாயகனான துப்பறிவாளர் பெயரும் அந்த ஒப்பந்தத்துக்குள் போய்விட்டதால், அவரை வைத்து இரண்டாம் கதை எழுதவும் வழியில்லை. த்ரில்லர் எழுத்தாளருக்கு ஒரு தொடர் கதாபாத்திரம் என்பது கறவை மாடு. தமிழ் வாசகர்கள் கதையை மறந்தாலும் துப்பறிவாளரின் பெயரை மறப்பதில்லை. அந்த மாட்டைத்தான் பதினைந்தாயிரத்துக்கு விற்றிருந்தேன்.

பிறகுதான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். எழுதி முடித்த கணத்திலேயே உரிமை எழுத்தாளருடையது, பதிவு கட்டாயமில்லை. அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். 19ஆவது பிரிவின்படி, எத்தனை ஆண்டுகள் என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே; எந்த நிலப்பரப்பு என்று குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டுமே; வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகம் எதுவும், வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் தவிர, அந்த மாற்றத்தில் அடங்காது என்பதையும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது. எட்டாம் பக்கத்து வரிகள் அந்தச் சாய்வை நிமிர்த்துவதற்காகவே எழுதப்படுகின்றன. ஒலி உரிமையை மட்டும், தமிழில் மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதிக்கொடுக்க ஒரு நிறுவனம் சம்மதித்தால், தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது அது வெறும் குத்தகை.

இளைஞரின் தாளில் இல்லாத ஆறாவது கேள்வி ஒன்றும் பேச்சின் நடுவே வந்தது: வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா? திரைத்துறைக்குள் உதவி இயக்குநராக நுழைவதுதான் எண்ணம் என்றால் சென்னையில் இருந்தாகவேண்டும், அது வேறு தொழில். நாவலுக்கு அந்தத் தேவை இல்லை. 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் கோவையிலிருந்துதான் எழுதுகிறார். 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்தவர். சுஜாதா தம் எழுத்தின் பெரும்பகுதியை, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். மாதச் சம்பளம் இருப்பவரால்தான் எட்டாம் பக்கத்து வரிக்கு "முடியாது" என்று சொல்ல முடியும் என்பதை நான் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன்.

அதோடு, எங்கள் ஊர்களைச் சென்னையிலிருந்துகொண்டு எழுத முடியாது. தருமபுரிக்காரர் த்ரில்லர் எழுதுகிறார் என்றதும் காட்டையும் சந்தனமரத்தையும்தான் எல்லோரும் கேட்பார்கள்; 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே நடந்த வீரப்பன் சம்பவத்தோடு அந்தக் கதை முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காமல் உருண்ட லாரியில் உண்மையில் என்ன சரக்கு இருந்தது, தளி பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜாவுக்கு நள்ளிரவில் மருந்து அடித்தவர் யார், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் எல்லை ஊரில் மிரட்டல் போன் செய்தவர் எந்த மொழியில் எண்களைச் சொன்னார் என்பவை இங்கே இருப்பவருக்கே கைவரும் கதைகள்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, அவருக்கு நான் சொன்ன வரிசை இது. நாவல் முடிந்திருப்பதால் முதலில் கிண்டில், 90 நாள் திட்டத்தில். அதே காலத்தில் அச்சு உரிமையை மட்டும் கேட்கும் பதிப்பாளரைத் தேடுவது. தவணை முடிந்ததும் மின்னூலை அந்தத் திட்டத்திலிருந்து விலக்கி, அதே நாவலைச் செயலியில் அத்தியாயங்களாகப் போட்டு வாசகர்களைச் சேர்ப்பது. ஒலி நிறுவனத்துக்கு ஆண்டுக் கணக்கு இல்லாமல் எதுவும் இல்லை. மாத நாவலுக்கு இதைக் கொடுக்காமல், அதே துப்பறிவாளரை வைத்து நூறு பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதி, ஒருமுறை வெளியிடும் உரிமைக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது. வேறொருவர் வந்திருந்தால் வேறு வரிசை சொல்லியிருப்பேன். நாவலை இன்னும் எழுதி முடிக்காத, ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒருவர், பயிற்சிக்காகச் செயலியில் சிறிய தொடர் ஒன்றைத் தொடங்குவதில் தவறில்லை. அவருடைய முதல் கதை வீணானாலும் அவர் வீணாகமாட்டார்.

சித்திரையில் அவர் மறுபடி தொலைபேசியில் பேசினார். நாவல் கிண்டிலில் ஏறிவிட்டது. பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அதில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது என்றார். படித்துக் காட்டச் சொன்னேன். "அனைத்து உரிமைகளும்" என்று இருந்ததை "தமிழ் அச்சு உரிமை, ஐந்து ஆண்டுகள்" என்று திருத்தித் திருப்பி அனுப்பச் சொன்னேன். பதில் வர மூன்று வாரம் ஆகலாம் என்று பதிப்பகத்தில் சொன்னார்களாம். காத்திருக்கும் நேரத்தில் குவாரி லாரி ஓட்டுநரின் மனைவியை மையமாக வைத்து இரண்டாம் நாவலைத் தொடங்கிவிட்டதாகவும், கொலையாளி யார் என்பதை இம்முறை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். ஆலை வாசலில் அந்தப் பருவத்தின் முதல் மாங்காய் லாரி வந்து நின்று ஹாரன் அடித்ததால், யார் என்று கேட்காமலே போனை வைத்தேன்.